தொகுதி: ஆளா, இடமா?

சென்ட்ரலுக்குள் நுழையுமுன் ரயில் சிக்னலுக்குக் காத்துக்கிடக்கும் இடம் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்குப் பேசின் பிரிட்ஜைத் தெரியும். 1957 தேர்தலில் அது ஒரு சட்டமன்றத் தொகுதியின் பெயர். இன்றைய 234 தொகுதிகளின் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை.

'தொகு' என்ற வினையில் பிறந்தது 'தொகுதி'. சேர்த்துவைத்த எதுவும் தொகுதிதான். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு சொற்களைப் பன்னிரண்டு தொகுதிகளாக அடுக்குகிறது. இரண்டாவது மக்கட்பெயர்த் தொகுதி; ஐந்தாவது இடப்பெயர்த் தொகுதி. தேர்தலுக்கு வந்த பிறகு இந்தச் சொல் மக்களிடமிருந்து இடத்துக்குக் குடிபெயர்ந்தது.

1935ஆம் ஆண்டுச் சட்டப்படி 1937இல் அமைந்த சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 215 இடங்கள். பொது இடங்கள் 146. அவற்றில் 30 பட்டியல் சாதியினருக்கு. பொது அல்லாத மீதி இடங்களில் முஸ்லிம்களுக்கு 28, பெண்களுக்கு 8, இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 8. வணிகர், நிலக்கிழார், தொழிலாளர் ஆகியோருக்குத் தலா 6. ஐரோப்பியருக்கும் 3 இடங்கள் உண்டு. இன்ன தெருவில் குடியிருக்கிறார் என்பதோடு இன்ன மதம், இன்ன தொழில் என்பதும் சேர்ந்தே தொகுதியைத் தீர்மானித்தன. பேசின் பிரிட்ஜை அடுத்த பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளின் தொழிலாளர்கள் 1918இலேயே சங்கம் கண்டவர்கள். தொழிலாளருக்கென்று தனி இடம் என்பது வடசென்னைக்குப் புரியாத சங்கதியல்ல.

வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்று 1952 தேர்தல் வந்தபோது அந்தப் பிரிவுகள் போய், தொகுதி நிலப்பரப்பானது. ஆனாலும் ஒரு மிச்சம் இருந்தது: இரட்டை உறுப்பினர் தொகுதி. பட்டியல் சாதியினருக்கு ஓர் இடமும் பொதுவில் ஓர் இடமுமாக ஒரே தொகுதியில் இரண்டு பேர். வாக்காளருக்கும் இரண்டு வாக்கு. 1957இல் 167 தொகுதிகளிலிருந்து 205 உறுப்பினர்கள் வந்த கணக்கு இதுதான். 1961இல் சட்டம் போட்டு அதை நீக்கினார்கள். 1962இல் 206 தொகுதி, 206 உறுப்பினர்.

'தனித்தொகுதி' என்ற பேச்சு வழக்கு மட்டும் பழைய நாளை நினைவூட்டும். அங்கே தனி என்பது வேட்பாளருக்குத்தான். வாக்குப் போடுகிறவர்கள் எல்லாச் சாதியினரும். 1932 பூனா ஒப்பந்தம் தனி வாக்காளர் முறையைக் கைவிட்டு ஒதுக்கீட்டை ஏற்றதன் தொடர்ச்சி அது.

1967இல் 234 ஆன எண்ணிக்கை அப்படியே நிற்கிறது. 2008 மறுவரையறை கோடுகளை மட்டும் மாற்றியது. புரசைவாக்கமும் பூங்கா நகரும் பட்டியலிலிருந்து போயின, கொளத்தூரும் திரு.வி.க. நகரும் வந்தன. தொழிற்சங்கத் தலைவர் திரு.வி.க.வின் பெயர் இப்படித்தான் ஒரு தனித்தொகுதிக்கு வாய்த்தது.

எண்ணிக்கை நிற்பதற்குக் காரணம் 1976இன் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம். 1971 மக்கள்தொகைக் கணக்கோடு சட்டமன்றம், நாடாளுமன்றம் இரண்டின் இடங்களையும் அது நிறுத்திவைத்தது. 2026க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டித்தது 2001இன் 84ஆவது திருத்தம். மக்கள்தொகையை மட்டும் பார்த்துப் பிரித்தால், பிறப்பு விகிதத்தைக் குறைத்த தமிழ்நாட்டுக்கு நாடாளுமன்றத்தில் பங்கு குறையும் என்பது இங்குள்ள வாதம். ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே மதிப்பு வேண்டும் என்பது எதிர்வாதம். கோட்டை எந்தத் தெருவில் போடுவது என்பது பிறகு. எந்த ஆண்டின் தலைக்கணக்கை வைத்துப் போடுவது என்பதில்தான் இப்போது சண்டை.