ஜாவா கிராமத்தில் நிலமும் பிழைப்பும்

இந்தோனேசியாவின் ஜாவா தீவு சுமார் 1,29,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே 15 கோடியே 16 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். நாட்டு மக்களில் பாதிக்கும் மேல். இத்தனை நெருக்கத்திலும் தீவின் பெரும்பகுதி ‘தேசா’ எனப்படும் கிராமங்களாகவே இருக்கிறது. தேசாவின் நிலம் பெரும்பாலும் மூவகைப்படும். நன்செய்க்கு ‘சாவா’ என்றும் புன்செய்க்கு ‘தெகாலான்’ என்றும் பெயர். வீடும் அதைச் சுற்றித் தென்னை, வாழை, மூங்கில் நிற்கும் மனைக்கட்டும் ‘பெகாராங்கான்’. இவை தவிர, ஊர்த் தலைவரும் மற்ற ஊழியர்களும் சம்பளத்துக்குப் பதிலாக அனுபவிக்கும் ‘பெங்கோக்’ நிலமும் பல ஊர்களில் உண்டு. நிலம் வைத்திருந்தால் அங்கே பிழைக்க முடியுமா, வாங்கிப் போட்டால் பெருகுமா என்பவை வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு விளைச்சல் விடை சொல்கிறது, அதுவும் முடியாது என்றே சொல்கிறது. இரண்டாவதற்கான விடை வயலில் கிடைப்பதில்லை. உள்ளூர் உறவும், ஊருக்கு வெளியே எடுக்கப்படும் முடிவுகளும், நாட்டின் நிலச்சட்டமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

முதலில் விளைச்சல் கணக்கு. ஒரு போகத்துக்கு ஹெக்டேருக்கு ஐந்தரை டன் நெல் என்று வைத்துக்கொள்வோம். ஜாவாவில் இது சராசரியை ஒட்டிய அளவு. 0.3 ஹெக்டேர், அதாவது முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான வயலில், இரண்டு போகத்துக்கு 3.3 டன் கிடைக்கும். 2025இல் அரசு அறிவித்த கொள்முதல் விலை கிலோவுக்கு 6,500 ரூபியா. அப்படியானால் ஆண்டு வரவு சுமார் 2 கோடியே 14 லட்சம் ரூபியா, மாதத்துக்கு 18 லட்சம்கூட வராது. விதை, உரம், உழவு, அறுப்புக்கூலி எதையும் கழிப்பதற்கு முந்தைய தொகை இது. அதே ஆண்டில் மத்திய ஜாவா மாகாணத்தின் குறைந்தபட்ச மாதக்கூலியே சுமார் 21 லட்சத்து 70 ஆயிரம் ரூபியா. ‘மாரோ’ முறையில், விளைச்சலில் பாதிப் பங்குக்கு நிலத்தை விட்டவருக்குக் கிடைப்பது இன்னும் குறைவு. அரை ஹெக்டேருக்கும் குறைவான நிலத்தில் உழும் குடும்பங்கள் 2013 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 1 கோடியே 42 லட்சமாக இருந்தன. 2023இல் 1 கோடியே 68 லட்சத்தைத் தாண்டிவிட்டன. இவற்றில் பெரும்பங்கு ஜாவாவில்தான். மகன், மகள் இருவருக்கும் பங்கு தரும் ஜாவானிய வழக்கம் நியாயமானது. ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் வரப்புகளின் எண்ணிக்கையை அது கூட்டிக்கொண்டே போகிறது.

நிலம் சிறுத்தாலும் ஊர் பகிர்ந்து உண்டது, யாரும் பட்டினியாக விடப்படவில்லை என்று இதற்கு ஒரு மறுப்பு உண்டு. மானிடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1963இல் வெளியிட்ட நூலில், பெருகிய மக்களை நெல்வயல் தன்னுள்ளேயே அடக்கிக்கொண்டது, வறுமை எல்லாருக்கும் பங்கிடப்பட்டது என்று வாதிட்டார். வாதம் கவர்ச்சியானதுதான். ஆனால் 1868-69இல் டச்சு அரசு 808 கிராமங்களில் நடத்திய நிலவுரிமை விசாரணையின் பதிவுகளைப் பார்த்தால் ஊர் அவ்வளவு சமமாகத் தெரியவில்லை. வயற்பங்கு உள்ளவர், மனைக்கட்டு மட்டும் உள்ளவர், பிறர் மனையில் ஒண்டியிருப்பவர் என்ற அடுக்குகள் அப்போதே இருந்தன. 1830இல் தொடங்கிய கட்டாயப் பயிர்முறையில், நிலம் வைத்திருப்பவர் தலையில்தான் அரசுக்கு உழைக்கும் கடமையும் விழுந்தது. சுமையைப் பலர் தோளில் ஏற்றவே பல ஊர்களில் நிலம் கூறுபோடப்பட்டது. அதைக் கருணை என்று மட்டும் படிப்பது சரியாகாது. பகிர்வு இருந்த இடங்களிலும் அது நிலைக்கவில்லை. 1970களில் புதிய நெல் ரகங்கள் வந்தபோது, விளைந்த பயிரை வயலிலேயே வியாபாரிக்கு விற்றுவிடும் ‘தெபாசான்’ பரவியது. வியாபாரி தன் ஆட்களோடும் அரிவாள்களோடும் வந்தார். ‘அனி-அனி’ என்ற சிறு கத்தியால் கதிர்கதிராக அறுத்து, அறுத்ததில் பங்கு பெற்றுவந்த உள்ளூர்ப் பெண்கள் வெளியே நின்றார்கள்.

ஆகவே இன்றைய ஜாவா கிராமத்துக்குச் சோறு வருவது பெரும்பாலும் வெளியிலிருந்து. வோனோகிரிக்காரர்கள் ஜகார்த்தாவில் ‘பக்ஸோ’ என்ற இறைச்சி உருண்டைச் சூப்பும் ‘ஜாமு’ என்ற மூலிகைப் பானமும் விற்கிறார்கள். தெகால்காரர்களின் மலிவுச் சாப்பாட்டுக் கடைகள் அந்நகரம் முழுவதும் இருக்கின்றன. போனோரோகோ, ப்ளிதார், சிலாசாப் பக்கத்துப் பெண்கள் ஹாங்காங்கிலும் தைவானிலும் வீட்டு வேலை செய்கிறார்கள். அந்தப் பணம் முதலில் ஊரில் வீடாகிறது, பிறகு மகனுக்கு மோட்டார் சைக்கிளாகிறது, மிஞ்சினால் ஒத்திக்குப் பிடித்த வயலாகிறது. விளைச்சலுக்குப் பொருந்தாத விலைக்கு நிலம் கைமாறுவதில் இந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வாங்குபவர் வருமானத்தை எதிர்பார்த்து வாங்குவதில்லை. முதுமையில் திரும்பிவர ஓர் இடமும் ஊரில் ஒரு மரியாதையும் தேடுகிறார். ஊரில் மனை இருப்பவருக்குச் செலவும் இருக்கிறது: மொய், சீட்டு, இரவுக்காவல் முறை, ‘ஸ்லாமெத்தான்’ விருந்து. கல்யாண மாதங்களில் மொய்க்காகவே கடன் வாங்கும் குடும்பங்கள் உண்டு. கிராமத்தில் வாழ்வது மலிவு என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

நிலத்தால் ஒரே நாளில் பணக்காரர் ஆனவர்களும் இருக்கிறார்களே என்று கேட்கலாம். கிழக்கு ஜாவாவில் தூபான் மாவட்டத்தின் சுமுர்கெனெங் ஊர் இதற்குப் பேர்போனது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்காக அரசு நிறுவனமான பெர்தாமினா நிலம் எடுத்தது; 2021 பிப்ரவரியில் ஊர்க்காரர்கள் கூட்டமாகப் புதுக் கார்கள் வாங்கிய காட்சி நாடெங்கும் பரவியது. 176 கார்கள் என்று செய்திகள் கூறின. அவர்களில் பலர் முன்பு நிலம் தர மறுத்துப் போராடியவர்கள் என்பது அந்த வேடிக்கையில் மறைந்துபோனது. 2022 ஜனவரியில் அதே பகுதியினர் ஆலையில் வேலை கேட்டு ஆர்ப்பாட்டம் செய்தார்கள். பிழைப்புக்காக மாட்டை விற்கிறோம் என்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். இதிலிருந்து நிலம் விற்றவர்கள் எல்லாரும் கெட்டார்கள் என்று முடிவுகட்டுவது மிகை. ஆலை எங்கே வரும் என்பதை எந்த விவசாயியும் தீர்மானிக்கவில்லை என்பது மட்டும் உறுதி. அந்த வகை லாபத்தை நம்பி வயல் வாங்குவது பரிசுச்சீட்டு வாங்குவது போலத்தான். இன்னொரு பக்கம் க்ளாத்தெனில் உள்ள போங்கோக் கிராமம் காட்டப்படுகிறது. ஊர் நீரூற்றைக் கிராமத்தின் சொந்த நிறுவனம் குளிக்குமிடமாக நடத்தி, ஆண்டுக்குப் பல நூறு கோடி ரூபியா ஈட்டியது. ஆனால் அந்த ஊற்று எந்தத் தனியாரின் பட்டாவிலும் இல்லை, ஊருக்குச் சொந்தம். தனி மனை வாங்குவோருக்கு அது முன்மாதிரியாக உதவாது.

சட்டமும் வாங்குபவரின் கையைக் கட்டுகிறது. 1960ஆம் ஆண்டின் அடிப்படை வேளாண் சட்டப்படி முழுவுரிமையான ‘ஹாக் மிலிக்’ இயல்பாக இந்தோனேசியக் குடிமக்களுக்கே உரியது. வெளிநாட்டவருக்குக் கிடைப்பது காலவரையுள்ள பயன்பாட்டு உரிமை. உள்ளூர்க்காரர் பெயரில் பினாமியாக வாங்கும் ஏற்பாடு சட்டத்தின் முன் செல்லாது. தகராறு வந்தால் பணம் போட்டவருக்கு நிலம் இல்லை. வெளிநாட்டவரை மணந்த குடிமக்கள் சொத்துப் பிரிவினை ஒப்பந்தம் இல்லாமல் தங்கள் முழுவுரிமையைக் காப்பது கடினம். அந்த ஒப்பந்தத்தைத் திருமணத்துக்குப் பிறகும் எழுதலாம் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2016இல்தான். குடிமக்களுக்கும் தடை உண்டு. வயல் இருக்கும் வட்டத்துக்கு வெளியே வசிப்பவர் விவசாய நிலம் வைத்திருக்கக் கூடாது என்று 1961இன் அரசாணை சொல்கிறது. நகரத்தார் இதைத் தாராளமாக மீறுகிறார்கள், ஆனால் மீறல் பத்திரத்துக்கு வலு சேர்ப்பதில்லை. ஒத்தி நிலத்தை ஏழாண்டுக்கு மேல் அனுபவித்தவர் பணம் கேட்காமல் திருப்ப வேண்டும் என்பதும் 1960 முதல் சட்டம். பல ஊர்களில் அதைக் கேட்டவரே இல்லை. சான்றிதழ் வந்தால் நிலம் மூலதனமாகிவிடும் என்ற நம்பிக்கையில் 2017 முதல் அரசு ஊர் ஊராகப் பதிவு செய்துவருகிறது. எல்லைத் தகராறுகள் இதனால் குறையலாம். ஆனால் சான்றிதழை வங்கியில் வைத்துக் கடன் வாங்கும் சிறு விவசாயியின் அடுத்த அறுவடை பொய்த்தால், அந்தக் காகிதமே நிலம் கைமாறும் வழியாகவும் ஆகிவிடும். பதிவாகாத பழைய மரபுரிமை ஆவணங்களை ஐந்தாண்டுக்குள் பதிவுசெய்ய வேண்டும் என்ற 2021 அரசாணையின் கெடு 2026 பிப்ரவரியில் முடிந்தது. ‘கிரிக்’, ‘லெத்தர் சே’ போன்ற காகிதத்தைக் காட்டி மனை விற்க வருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த நிலம் கெடுவுக்குள் யார் பெயரில் பதிவானது என்பதே.