புக்ககம்

‘புக்ககம்’ என்பதைப் பிரித்தால் புக்க + அகம். புகு என்ற வினையின் பழைய வடிவம் புக்க. மிகு, தகு இரண்டும் இதே இனம்தான். மிக்க, தக்க என்று அவற்றை இன்றும் புழங்குகிறோம். புக்க மட்டும் ‘புகுந்த’வுக்கு இடம் விட்டுவிட்டது. பிராமணர் வீட்டுப் பேச்சில் ‘புக்காத்து மனுஷா’, ‘பொறந்தாத்து மனுஷா’ என்று அது இன்னும் உயிரோடு இருக்கிறது. அகத்து என்பதுதான் அங்கே ‘ஆத்து’. மற்றவர்களுக்குப் புகுந்த வீடு, பிறந்த வீடு.

இந்தச் சொல்லுக்கு மூத்த உறவு ஒன்று திருக்குறளில் உண்டு. நிலையாமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் (340) ‘புக்கில்’, ‘துச்சில்’ என்று இரண்டு வீடுகள் வருகின்றன. புக்கில் நிலையாகத் தங்கும் வீடு. துச்சில் ஒதுங்கியிருக்கும் இடம். வள்ளுவர் பேசுவது உயிரையும் உடம்பையும் பற்றி. ஆனாலும் கல்யாணமான பெண்ணை நினைக்காமல் அதை என்னால் படிக்க முடிவதில்லை. புகுந்த இடமே அவளுக்கு நிலையானது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. பிறந்து வளர்ந்த வீடு துச்சிலாகிவிடுகிறது.

மறுவீட்டுக்கு வந்திருக்கும் பெண்ணைப் பாருங்கள். கழுத்தில் புதுத் தாலியின் மஞ்சள் காயவில்லை. முகத்தில் சந்தோஷம் இருக்கிறது, அது பொய்யில்லை. நேராக அடுக்களைக்குள் போய், யாரையும் கேட்காமல் முறுக்கு டப்பாவைத் திறக்கிறாள். புகுந்த வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்றுகூட மாமியாரிடம் கேட்க வேண்டியிருந்தது. அப்போது பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, “எப்போம்மா வந்தே? எத்தனை நாள் இருப்பே?” என்கிறாள். பிரியமாகத்தான் கேட்கிறாள். டப்பாவிலிருந்த கை ஒரு நொடி நிற்கிறது.

பிறந்த வீடு, புகுந்த வீடு. அம்மா வீடு, மாமியார் வீடு. முதல் இரண்டும் அவள் செய்ததைச் சொல்கின்றன, அடுத்த இரண்டும் வேறொருத்தியின் பெயரைச் சொல்கின்றன. அவளுடைய வீடு என்று சொல்ல வழக்கில் ஒரு சொல் இல்லை.

சட்டமும் வெகுகாலம் அப்படியே இருந்தது. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு வந்தது. அதற்கு முன்பே மணமாகிப் போனவர்களுக்குக் கிடையாது. 2005-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் மணமானவள், ஆகாதவள் என்று பிரிக்கவில்லை. அந்த உரிமை பிறப்பால் வருவது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அண்ணன் தம்பிகளே, ‘அதான் சீர் செய்தாயிற்றே’ என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் அவளிடம் கையெழுத்துக் கேட்காதீர்கள்.