பெயர் வினையான கதை

"பாய்காட் என்பது பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா?" என்று மாணவனொருவன் கேட்டான். திருவாரூர்க் கழனிகளின் நடுவே பாடம் நடத்தும் நமக்கு, அவ்வினாவுக்கு இலக்கணம் மட்டும் விடையாகத் தோன்றவில்லை, வரலாறும் தேவைப்பட்டது.

பாய்காட் என்பது முதலில் ஓர் ஆளின் பெயர். சார்லசு கன்னிங்காம் பாய்காட், அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களைப் பார்த்துக்கொண்ட ஏஜெண்டு. விளைவு குன்றியதால் குத்தகையில் கால் பங்கைக் குறைக்குமாறு உழவர் கேட்டனர். பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிரபு இறங்கவில்லை. வெளியேற்றும் ஆணைகள் வீடுதேடி வந்தன.

1880 செப்டம்பர் 19 அன்று என்னிசு நகரில் பார்னல் பேசினார். வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுப்பவனைத் தாக்காதீர், ஒதுக்கி வையுங்கள் என்பதே அவர் காட்டிய வழி. மேயோ உழவர் அவ்வழியைப் பாய்காட்டின் மீதே செலுத்தினர். அறுவடைக்கு ஆளில்லை, கடையில் பண்டமில்லை, கடிதம் கொண்டுவரவும் எவருமில்லை. வடபகுதியிலிருந்து 50 பேர் அறுவடைக்கு வந்தனர். அவர்களுக்குக் காவல் ஏறத்தாழ 1,000 படைவீரர்! சுமார் 500 பவுன் விளைச்சலைக் காக்க 10,000 பவுன் செலவானதாகக் கணக்கிட்டனர். டிசம்பரில் பாய்காட் அயர்லாந்தை விட்டு வெளியேறினார். ஆள் போனார், பெயர் வினைச்சொல்லாகி உலகெங்கும் உலவிற்று. பிரெஞ்சும் செருமனும் உருசியமும் அதனை ஏற்றன.

1905-இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து அயல்நாட்டுத் துணியை விலக்கியபோது, அச்சொல் இந்நாட்டிலும் முழங்கிற்று. 'பகிஷ்காரம்' என்று தமிழ் ஏடுகள் எழுதின. 'புறக்கணிப்பு' என்று பின்னர் நல்ல தமிழாக்கினோம்.

ஆனால், தோழர்களே, 1924-இல் பம்பாயில் அம்பேத்கர் தொடங்கிய அமைப்பின் பெயரை நினைவுகூருங்கள்: பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை. பகிஷ்கிருதர் என்றால் விலக்கப்பட்டோர். ஒரே வேர், இருவேறு விதி! அயர்லாந்தில் ஆண்டையின் ஆளை உழவன் விலக்கினான். இங்கோ, உழுதவனை ஊர்க்கிணற்றிலிருந்தும் கோயிலிலிருந்தும் சாதி விலக்கிற்று.

அயர்லாந்துக் காட்சி நம் கீழத் தஞ்சையிலும் நடந்தது. 1960களில் கூலி உயர்வு கேட்ட உழைப்பாளர்க்கு எதிராக மிராசுதாரர்கள் வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினர். அம்மோதலின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையொன்றில் எரித்துக் கொல்லப்பட்டனர். நெல் விளைவித்த கைகள், நெல்லைக் கூலியாகக் கூடுதலாய்க் கேட்டதற்குக் கிடைத்த விடை அது!

தாழ்த்தப்பட்டோர் மீதும் பழங்குடியினர் மீதும் நிகழும் கொடுமைகளைத் தடுக்க 1989-இல் சட்டம் வந்தது. அவர்களைச் சமூக வாழ்விலோ பொருளாதார வாழ்விலோ புறக்கணிப்பதும் குற்றமென 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது.

மாணவனுக்கு நாம் சொன்ன விடை இதுதான்: பெயராய்ப் பிறந்து வினையாய் வளர்ந்த சொல் அது. அவ்வினையைக் காணுமிடமெல்லாம் எழுவாய் யார், செயப்படுபொருள் யார் என்று கேள். எளியோன் எழுவாயானால் அது உரிமைப் போர். வலியோன் எழுவாயானால் அது கொடுமை.