பால்குடி மகவும் கருவறை மகவும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருமுல்லைவாயலுக்கும் ஆவடிக்கும் இடையே உள்ளது அண்ணனூர். மின்தொடர் வண்டிகளின் பணிமனை இங்கிருப்பதால் இரயில்வே ஊழியர்களும், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் சென்று திரும்பும் தொழிலாளர்களும் இங்கு மிகுதி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, மஃரிப் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பின், ஓர் இளைஞர் இமாமை அணுகினார். எழுந்து செல்ல முற்பட்ட என்னை, "பரவாயில்லை பாய், இருங்கள்" என்று அவரே அமர்த்தினார்.

"ஹஜ்ரத், வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தை. இப்போது மறுபடியும் இரண்டு மாதம். தாய்ப்பால் குறைந்துகொண்டே வருகிறது. வெளியில் பால் வாங்க என் சம்பளம் போதாது. கலைத்துவிட்டால் பாவமா?"

இமாம் உடனே விடை கூறவில்லை. "வீட்டில் அவர்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டார். இளைஞர் சற்றுத் திகைத்தார். "அம்மாதான் கேட்டு வரச் சொன்னார்கள்" என்றார். மனைவியிடம் அவர் கேட்டிருக்கவில்லை.

அன்று அந்த இளைஞர் கேட்ட கேள்வி புதியதன்று. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹனஃபி அறிஞர் இப்னு வஹ்பான் இதே நிலையை ஆராய்ந்திருக்கிறார். பால்குடி மாறாத குழந்தையை உடைய ஒரு தாய் மீண்டும் கருவுறுகிறாள், பால் வற்றுகிறது, செவிலித்தாயை அமர்த்தத் தந்தைக்கு வசதியில்லை, குழந்தை இறந்துவிடுமோ என்ற அச்சம். கரு உயிரூட்டம் பெறுவதற்கு முன்னர் அதனைக் கலைப்பதற்கு ஏற்கத்தக்க காரணங்களுள் ஒன்றாக அவர் இதனைச் சுட்டினார். பிற்காலத்தில் திமிஷ்கில் வாழ்ந்த இப்னு ஆபிதீனும் (மறைவு ஹிஜ்ரி 1252, கி.பி. 1836) தம் நூலில் இதனை எடுத்தாண்டார். தாய், மடியில் ஒரு மகவு, கருவறையில் ஒரு மகவு என மூன்று உயிர்களின் உரிமைகள் இங்கே எதிரெதிரே நிற்கின்றன. இவற்றை நம் முன்னோர் எவ்வாறு நிறுத்துப் பார்த்தனர் என்பதை வரலாற்று வழியில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். தீர்ப்பு வழங்குவது நமது பணியன்று.

ஹுதைல் குலத்து வழக்கு

கருவின் உரிமை குறித்த முதல் முன்மாதிரி நபிகளாரின் (ஸல்) காலத்திலேயே கிடைத்துவிடுகிறது. ஹுதைல் குலத்துப் பெண்கள் இருவர் சண்டையிட்டதில், ஒருத்தி எறிந்த கல்லால் மற்றவளும் அவள் வயிற்றிலிருந்த கருவும் மாண்டனர். தாயின் உயிருக்கு உரிய ஈட்டுத்தொகையோடு, கருவுக்காகத் தனியே 'ஃகுர்ரா' என்னும் ஈட்டையும் அண்ணலார் (ஸல்) விதித்தார்கள். உண்டும் பருகியும் அறியாத, குரலெழுப்பாத ஒன்றுக்கு ஈடு எதற்கு என்று எதிர்த்தரப்பினர் அடுக்குமொழியில் வாதிட்டபோது அதனை அவர்கள் ஏற்கவில்லை. உமர் (ரலி) ஆட்சிக் காலத்தில் இத்தகைய வழக்கொன்று வந்தபோது, முகீரா இப்னு ஷுஃபா (ரலி) இத்தீர்ப்பை எடுத்துரைக்க, முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) அதற்குச் சாட்சி கூறினார்.

ஃகுர்ராவின் மதிப்பு ஐந்து ஒட்டகங்கள் என்றும், அது முழு ஈட்டுத்தொகையில் இருபதில் ஒரு பங்கு என்றும் சட்ட அறிஞர்கள் வகுத்தனர். இங்கே இரு செய்திகள் ஒருசேர அடங்கியுள்ளன. கரு ஒன்றுமற்ற பொருளன்று. அதற்கென ஓர் உரிமை உண்டு. ஆயினும் அது பிறந்து வாழும் மனிதருக்கு முற்றிலும் நிகராக வைக்கப்படவுமில்லை. வாரிசுரிமையிலும் இதே நிலைதான். தந்தை இறந்தால் கருவிலிருக்கும் மகவுக்கு ஒரு பங்கு ஒதுக்கி வைக்கப்படும். உயிரோடு பிறந்தால்தான் அப்பங்கு உறுதியாகும்.

தாயே வேண்டுமென்று கருவைச் சிதைத்தாலும் ஃகுர்ரா கடமையாகும். அதில் அவளுக்குப் பங்கில்லை. அதே வேளையில், கணவனின் இசைவோடு அவள் அவ்வாறு செய்திருந்தால் ஃகுர்ரா இல்லை என ஹனஃபி நூல்கள் கூறுகின்றன. ஈட்டைப் பெறவேண்டியவனே இசைந்துவிட்டான் என்பது இதன் காரணம். ஆயினும், கருவைப் பற்றிய பேச்சில் கணவனின் சொல்லுக்கு இருந்த எடையையும் இது காட்டிவிடுகிறது. அண்ணனூர் இளைஞர் மனைவியிடம் கேளாமல் வந்து நின்றதற்கு இவ்வளவு நீண்ட முன்கதை உண்டு.

நாற்பதும் நூற்றிருபதும்

கரு மூன்று நாற்பது நாள்களில் படிப்படியாக வளர்ந்து, அதன் பின் அதில் உயிர் ஊதப்படுகிறது என்னும் இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவித்த நபிமொழியே, 120 நாள் என்ற எல்லைக்கு அடிப்படை. அவ்வெல்லைக்குப் பின் கருவைக் கலைப்பது கூடாது என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை இல்லை. தாயின் உயிருக்கு ஆபத்து நேரும் நிலையே பிற்காலத்தில் விவாதத்திற்கு வந்தது. அதற்கு முன்னர் என்ன என்பதில்தான் மத்ஹபுகள் பிரிகின்றன. மாலிகி மத்ஹபின் மேலோங்கிய கருத்து தொடக்கத்திலிருந்தே தடுப்பது. ஹன்பலி அறிஞர் பலர் முதல் நாற்பது நாள்களுக்குள் அனுமதித்தனர்.

தமிழ் முஸ்லிம்களிடையே வழங்குபவை ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகள். இவ்விரண்டினுள்ளும் ஒரே குரல் இல்லை. ஷாஃபிஈ அறிஞரான இமாம் கஸ்ஸாலி (ரஹ், மறைவு ஹிஜ்ரி 505, கி.பி. 1111) கருத்தடையையும் கருக்கலைப்பையும் வேறுபடுத்தினார். கருத்தடை, இன்னும் உருவாகாத ஒன்றைத் தவிர்ப்பது. கருக்கலைப்போ உருவாகிவிட்ட ஒன்றின் மீது இழைக்கும் குற்றம். ஓர் உடன்படிக்கையில் இரு தரப்பாரும் இசைந்த பின் பின்வாங்குவதை அவர் இதற்கு ஒப்புமையாக்கினார். கரு வளர வளரக் குற்றமும் வளர்கிறது. பிறந்த குழந்தையைக் கொல்வது அதன் உச்சம் என்றார். அம்மத்ஹபிலேயே உயிரூட்டத்திற்கு முன் அனுமதித்தோரும் உளர்.

ஹனஃபி அறிஞர் பலர் 120 நாள்களுக்கு முன் அனுமதித்தனர். ஆனால் காளீகான் (மறைவு ஹிஜ்ரி 592) அதனைக் கட்டற்ற அனுமதியாக விடவில்லை. இஹ்ராம் அணிந்தவர் வேட்டைப் பறவையின் முட்டையை உடைத்தாலும் ஈடு செலுத்த வேண்டும். ஏனெனில் முட்டைதான் பறவையின் மூலம். அங்ஙனமிருக்க, மனிதனின் மூலத்தைக் காரணமின்றி அழிப்பவர் எப்படிப் பாவமற்றவராவார் என்பது அவரது வாதம். இந்தக் 'காரணம்' என்ற சொல்லுக்குத்தான் இப்னு வஹ்பான் பால்குடி மகவை எடுத்துக்காட்டாக்கினார்.

ஐயமும் உறுதியும்

உயிரூட்டம் பெற்ற கருவால் தாயின் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் என் செய்வது? கருவை அழிப்பது கூடாது என்றே இப்னு ஆபிதீன் எழுதினார். தாய் இறந்துவிடுவாள் என்பது வெறும் ஊகம். ஊகத்திற்காக உயிருள்ள ஒன்றைக் கொல்லலாகாது என்றார். இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அவரது காலத்தில் எந்த மருத்துவரால் உறுதி கூற முடிந்தது?

மருத்துவம் வளர்ந்தபோது அந்த ஊகம் அறிவாக மாறியது; தீர்ப்பும் மாறியது. 1958 முதல் 1963 வரை அல்அஸ்ஹரின் தலைமைப் பொறுப்பிலிருந்த ஷைகு மஹ்மூது ஷல்தூத், தாய் வேர், கரு கிளை. வேரைக் காக்கக் கிளையை இழக்கலாம் என்று வாதிட்டார். தாய்க்கு நிலைபெற்ற வாழ்வும், பிறர் மீதான கடமைகளும் உரிமைகளும் உண்டென்பதும் அவரது வாதம். 1990 பிப்ரவரியில் மக்காவில் கூடிய ராபிதா அமைப்பின் ஃபிக்ஹு மன்றம், சிகிச்சைக்கு வழியற்ற கடுமையான ஊனம் கருவில் இருப்பதை நம்பத்தகுந்த மருத்துவர் குழு உறுதிசெய்தால், 120 நாள்களுக்கு முன் பெற்றோர் வேண்டுகோளின்பேரில் கலைக்கலாம் என்றது. அதற்குப் பின்னர், தாயின் உயிருக்கு உறுதியான ஆபத்து இருந்தால் மட்டுமே அனுமதி.

பிற சமூகங்களின் அனுபவ அறிவை ஏற்பதற்கு நபிவழியிலேயே முன்மாதிரி உண்டு. பாலூட்டும் மனைவியோடு கூடுவதால் குழந்தைக்குக் கேடு நேரும் என்று அரபிகள் அஞ்சினர். அதனைத் தடைசெய்ய எண்ணிய அண்ணலார் (ஸல்), ரோமரும் பாரசீகரும் அவ்வாறு வாழ்ந்தும் அவர்தம் பிள்ளைகளுக்குக் கேடு நேராததைக் கண்டு தடை விதிக்கவில்லை.

சட்டம் வந்த வழி

நம் நாட்டில் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் செய்வது மட்டுமே விலக்கு. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் தண்டனைக்குரியவள். கருவில் அசைவு தோன்றிய பின் கலைத்தால் தண்டனை மூன்றாண்டிலிருந்து ஏழாண்டாக உயரும். காலத்தோடு குற்றமும் வளரும் என்ற கருத்து இங்கும் உண்டு.

சட்டம் தடுத்தும் கருக்கலைப்பு நிற்கவில்லை. மறைவில், பயிற்சியற்ற கைகளால் நடந்தது, பெண்கள் மாண்டனர். 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் அமைந்த குழு 1966இல் அறிக்கை தந்தது. 1971இல் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன்பு வரை, 12 வாரம் வரை ஒரு மருத்துவர், 20 வாரம் வரை இரு மருத்துவர் கருத்து தேவைப்பட்டது. மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கிலிருந்து வாரங்களைக் கணக்கிடுவதால், 120 நாள் என்பது அவர்கள் கணக்கில் ஏறத்தாழ 19 வாரம். இரு எல்லைகளும் இவ்வளவு நெருங்கியது தற்செயலே. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் சில வகைப் பெண்களுக்கு எல்லையை 24 வாரமாக்கியது. கருவில் பெருங்குறை இருப்பதாக மருத்துவ வாரியம் கண்டால் கால எல்லையில்லை.

இச்சட்டத்தில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வயது வந்த பெண்ணாயின் அவளுடைய இசைவு மட்டும் போதும். கணவனுடைய இசைவை அது கேட்பதில்லை.

சேலத்துத் தொட்டில்

ஆனால் கையெழுத்து ஒருவருடையதாகவும், முடிவு வேறொருவருடையதாகவும் இருக்க முடியும். இதற்குத் தமிழ்நாடே சாட்சி. 1980களில் உசிலம்பட்டிப் பகுதியின் பெண்சிசுக்கொலை நாடறிந்த செய்தியாயிற்று. 1992இல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், இங்கே இட்டுச் செல்லுங்கள் என்பதே அதன் பொருள். அதற்குள் ஸ்கேன் கருவி வந்துவிட்டது. பிறந்த பின் நிகழ்ந்தது பிறக்கும் முன்னரே நிகழலாயிற்று. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு, 1996இல் நடைமுறைக்கு வந்து, 2003இல் கடுமையாக்கப்பட்டது. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழகத்தில் 942 பெண் குழந்தைகளே இருந்தனர். சேலம் மாவட்டத்தில் 851. 2011இல் மாநில எண்ணிக்கை 943.

தாயைக் காக்க வந்த சட்டம், அவள் வயிற்றிலிருந்த மகளுக்கு எதிராகத் திருப்பப்பட்டது. உயிரோடு புதைக்கப்பட்ட சிறுமியிடமே, எக்குற்றத்திற்காக அவள் கொல்லப்பட்டாள் என்று மறுமையில் வினவப்படும் எனத் திருமறையின் தக்வீர் அத்தியாயம் எச்சரிக்கிறது. ஸ்கேன் அறையும் அந்த வினாவுக்கு அப்பாற்பட்டதன்று.

மீண்டும் பால்குடி மகவு

2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், இச்சட்டத்தின் பயன் மணமாகாத பெண்களுக்கும் சமமாக உரியது என்றது. மறு ஆண்டே வேறொரு வழக்கு வந்தது. இரு குழந்தைகளின் தாய். இளைய குழந்தைக்குப் பாலூட்டி வந்ததால் மாதவிலக்கு நின்றிருக்க, கருவுற்றதை அறியவில்லை. மகப்பேற்றுக்குப் பிந்திய மனநோய்க்கு மருந்து உண்டு வந்தவர். 26 வாரம் கடந்திருந்தது. 2023 அக்டோபரில் இரு பெண் நீதிபதிகள் அமர்வு முதலில் அனுமதி அளித்தது. வெளியே உயிர் வாழும் வாய்ப்பு கருவுக்கு உண்டென மருத்துவர் தெரிவித்த பின், அவ்விருவரும் மாறுபட்டனர். அக்டோபர் 16 அன்று மூவர் அமர்வு அனுமதி மறுத்தது. பிரசவச் செலவை அரசே ஏற்கும், தத்துக் கொடுக்க விரும்பினால் உதவும் என்ற ஏற்பாட்டோடு வழக்கு முடிந்தது.

இப்னு வஹ்பானின் தாயும் இந்தத் தாயும் ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்பவர்கள். காலம் கடந்ததால் முடிவு வேறாயிற்று. ஆனால் அவரது எடுத்துக்காட்டை மீண்டும் படித்தால், இதுவரை நாம் கவனிக்காத ஒரு சொற்றொடர் கண்ணில் படுகிறது: செவிலித்தாயை அமர்த்தத் தந்தைக்கு வசதியில்லை. வசதியிருந்தால் அந்தக் காரணமே இல்லை. மூன்று உரிமைகள் மோதுவதாக நாம் எண்ணிய இடத்தில், உண்மையில் இருந்தது ஒரு வெற்றுக் கை. வறுமைக்கு அஞ்சி மக்களைக் கொல்லாதீர்கள் என்று தடுத்த திருமறையே, குழந்தையை முன்னிட்டுத் தாயோ தந்தையோ இன்னலுக்கு ஆளாக்கப்படலாகாது என்றும் பணிக்கிறது. இரண்டாவது கட்டளையை நிறைவேற்றாத சமூகம், முதலாவதை மட்டும் ஒரு தாயின் மீது சுமத்துவது நீதியாகாது.

அன்று இமாம் அந்த இளைஞரிடம் கூறியது சுருக்கமானது. "முதலில் அவர்களிடம் கேளுங்கள். இருவருமாக மருத்துவரைப் பாருங்கள். பிறகு அவர்களையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், பேசுவோம்." இளைஞர் ஸலாம் கூறி விடைபெற்றார்.

அவர் சென்ற பின்பு நானும் இமாமும் மத்ஹபுகளின் வேறுபாடுகளைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அந்த ஏழு மாதக் குழந்தையின் பாலுக்கு மாதம் எவ்வளவு ஆகும், ஜமாஅத்தில் யார் தருவார்கள் என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை. இப்னு வஹ்பான் கேட்டிருப்பார் என்றே தோன்றுகிறது.