சேராத ரத்தம்

போன வாரம் பம்பாய் நோயாளிகள் இருவரை அப்படியே கட்டிலில் விட்டுவிட்டுத் ‘தொடரும்’ போட்டது கொஞ்சம் கொடுமைதான். வாருங்கள், நேரே அங்கேயே போய்விடுவோம்.

1952. ஒருவர் ரயிலில் அடிபட்டவர். இன்னொருவர் கத்திக்குத்துப் பட்டவர். ரத்தம் ஏற்றியாக வேண்டும்.

வகை பார்த்தார்கள். ஓ.

டாக்டர் பெண்டேயும் சகாக்கள் தேஷ்பாண்டேயும் பாட்டியாவும் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள். ஓ வகைக்காரர்களுக்கா பஞ்சம்?

ஸ்லைடில் நோயாளியின் சீரம் ஒரு சொட்டு. கொடையாளியின் சிவப்பணு ஒரு சொட்டு. மெல்லச் சாய்த்து ஆட்டினால், பொருந்துகிற ரத்தம் சீராகப் பரவும். பொருந்தாதது மணல் மணலாகத் திரளும்.

திரண்டது.

அடுத்த ஓ. அதுவும் திரண்டது.

ஓ ரத்தத்தையே ஏற்காத ஓ! பாடப்புத்தகத்தில் அப்படி ஓர் ஆளே கிடையாது. ‘சீரம் கெட்டுப்போச்சு’ என்று தள்ளிவிட எவ்வளவு வசதி! பெண்டே தள்ளவில்லை. ஏறக்குறைய 160 பேரின் ரத்தத்தைப் பார்த்தார்கள்.

கடைசியில் ஒன்று சேர்ந்தது.

பம்பாய்க்காரர் ஒருவருடையது. அவருக்கும் அதே விசித்திர ரத்தம்!

லண்டனின் ரத்தவகை ஜாம்பவான்கள் ரூத் சாங்கரும் ரேஸும் ஆய்வில் கைகோத்தார்கள். ‘லான்செட்’ இதழில் செய்தி வந்தது. ஏ, பி இரண்டும் எச் என்ற அடிப்பொருளின் மேல்தான் உருவாகும். சாதாரண ஓ வகைக்காரரிடமும் எச் உண்டு. இவர்களிடம் அதுவே இல்லை. அதனால்தான் எச் உள்ள ஓ ரத்தமும் திரண்டது.

எச்-ஐ உண்டாக்கும் மரபணு ஓங்கு வகை. அதன் பழுதான பிரதி ஒடுங்கு வகை. தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று ஒளிந்திருந்தால் வெளியே எதுவும் தெரியாது. பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

நம் ஊரில் ஒருவர் மாமன் மகளைக் கட்டுகிறார் என்று வையுங்கள். அவருக்கு அம்மாவின் அப்பா. பெண்ணுக்கு அப்பாவின் அப்பா. ஒரே தாத்தா! அவரிடம் ஒளிந்திருந்த பிரதி மகள் வழியாகவும் மகன் வழியாகவும் இறங்கி, கொள்ளுப்பேரனிடம் சந்திக்கலாம். சொத்து வெளியே போகக் கூடாது என்று செய்த சம்பந்தத்தில் இதுவும் வெளியே போகாது!

இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இந்த ‘பம்பாய் வகை’ என்கிறார்கள். பெயரென்னவோ பம்பாய், ஆனால் ரத்தத்துக்கு ஊர் எல்லை தெரியுமா?

‘லான்செட்’ செய்தி வந்து மூன்றே ஆண்டு. அமெரிக்காவில் ரத்தவகை ஆய்வாளர் பிலிப் லெவின் முன்னால் ஒரு தாய். வகை ஓ. அவளுடைய குழந்தைக்கோ ஏபி!

பாடப்புத்தகப்படி, ஓ தாய்க்கு ஏபி பிள்ளை பிறக்கவே முடியாது. தகப்பன் யாராக இருந்தாலும் முடியாது.

அப்படியானால், பெற்றவளே இவள் இல்லையா?

(தொடரும்)