‘தெரியாது’ என்று சொன்ன கணினி

சென்ற மாதம் என் ராஸ்பெரி பையில் ஒரு மென்பொருளைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். ஓடிய வரிகளில் ஒன்று கண்ணில் பட்டது. செயலி ‘ஆர்ச்64’, இயங்குதளம் ‘லினக்ஸ்’. நடுவில், தயாரிப்பாளர் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘அன்நோன்’. தெரியாதாம். அட, தன்னை யார் செஞ்சாங்கன்னு கணினிக்கே தெரியாதா?

அந்த வரியை எழுதியது ‘கான்ஃபிக்.கெஸ்’ என்ற ஷெல் ஸ்கிரிப்ட். அது ஏன் தேவைப்பட்டது என்பதில் யூனிக்ஸின் வரலாறே இருக்கிறது.

1969இல் பெல் ஆய்வகத்தில் பிடிபி-7 என்ற ஒரே கணினியில் யூனிக்ஸ் பிறந்தபோது, ‘இது என்ன கணினி?’ என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. 1973இல் யூனிக்ஸ் சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. அதன்பின் அது வேறு வீடுகளுக்கும் குடிபோகலாம் என்றானது. 1977இல் ஆஸ்திரேலியாவின் வுலங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் அதை இண்டர்டேட்டா 7/32 கணினிக்குக் கொண்டுபோனார். எண்பதுகளில் சன், எச்பி, டிஇசி என ஆளுக்கொரு யூனிக்ஸ் விற்றார்கள்.

‘யுனேம்’ என்று தட்டினால் கணினி தன் பெயரைச் சொல்லும். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும். எச்பி கணினிகள் ‘9000/’ என்று தொடங்கி ஓர் எண்ணைச் சொல்லின. 300 வரிசை என்றால் உள்ளே மோட்டரோலா செயலி, 700 என்றால் எச்பியின் சொந்தச் செயலி. குடும்பப் பெயர் ஒன்றுதான், உடம்பு வேறு.

1992இல் பெர் பாத்னர் முதலில் எழுதிய இந்த ஸ்கிரிப்ட், யுனேம் சொல்வதை ஒரு நீண்ட பட்டியலோடு ஒப்பிடுகிறது. சில கணினிகளில் அது போதாது. அப்போது அங்கேயே ஒரு குட்டி சி நிரலை எழுதி, தொகுத்து, ஓட்டிப் பார்க்கிறது. ‘கெஸ்’ என்றால் ஊகம். பெயரிலேயே அந்த நேர்மை இருக்கிறது.

பட்டியலைத் திறந்து படித்தேன். கான்வெக்ஸ், கிரே, ஆல்ஃபா. டிஇசியை 1998இல் காம்பாக் வாங்கியது, சன்னை 2010இல் ஆரக்கிள் வாங்கியது. அவற்றின் கணினிகளை அடையாளம் காணும் வரிகள் மட்டும் இன்னும் அங்கேயே காத்திருக்கின்றன.

பிறகு சும்மா, லினக்ஸில் ‘டிவைஸ்-ட்ரீ’ என்ற அடைவுக்குள் ‘மாடல்’ என்ற கோப்பைத் திறந்தேன். ராஸ்பெரி பை என்று முழுப்பெயரும் அங்கே இருந்தது. கணினிக்குத் தெரிந்தே இருக்கிறது. தொகுப்பதற்கு அந்தப் பெயர் தேவையில்லை என்பதால் ஸ்கிரிப்ட் அங்கே போய்க் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் பழைய ஆவணங்களில் ‘தெரியவில்லை’ என்று பார்த்தால், யாரிடம் கேட்காமல் விட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றுகிறது.