மீனுக்கு மறுக்கப்பட்ட படிகள்

கடலில் வளர்ந்த சால்மன் மீன்கள் முட்டையிடத் தாம் பிறந்த ஆற்றுக்கே திரும்புபவை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து எல்வா ஆற்றில், முகத்துவாரத்திலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் மேலே 1913இல் முடிந்த நீர்மின் அணை அவ்வழியை அடைத்தது. மீன் ஏறிச்செல்ல வழியமைக்காமல் அணை கட்டலாகாது என 1890ஆம் ஆண்டிலேயே அங்கே சட்டம் இருந்தது. மீறியது போதாதென்று அதற்கொரு சமாதானமும் கண்டனர்: வழிக்குப் பதிலாக ஒரு குஞ்சுப் பொரிப்பகம்! அதுவும் 1922இல் மூடப்பட்டது. 1927இல் மேலே இன்னோர் அணையும் எழுந்தது.

தொழில்நுட்பம் அரிதென்று நாம் சமாதானம் கொள்ளவும் இடமில்லை. அதே மாநிலத்தின் தென்னெல்லையில், கொலம்பியா ஆற்றின் பானவில் அணையில், 1938வாக்கில் படிப்படியான நீர்த்தொட்டிகள் அமைத்தனர். மீன்கள் ஒவ்வொன்றாகத் தாவி ஏறின.

எல்வாக் கரையின் கிளாலம் பழங்குடியினருக்கோ மீன் மட்டுமா போயிற்று? அவர்களது தோற்றக் கதைக்குரிய பாறையும் நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. 1992இல் காங்கிரஸ் வழிவகுத்த பின்னும் இருபதாண்டுகள் காத்திருந்தனர். 2011 முதல் 2014 வரை இரண்டு அணைகளும் இடிக்கப்பட்டன; பாறை வெளிப்பட்டது, சால்மன் மேலேறியது. 2023இல் கிளாலம் மக்கள் அங்கே மீண்டும், சிறிய அளவில், சால்மன் பிடித்தனர்.